‘எம்.ஆர்.ஐ. பிரெயின்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

வளர்ச்சி ஓமோன் குறைபாட்டைத் தேடும்போது நடக்கும் பிழைகள் புதியவை அல்ல. மலையக ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றலாகி வரும் ஒவ்வொரு இளம் டொக்டரும் அவற்றை முதலிலிருந்து தொடங்குகிறார்.

ஸ்கேனிலிருந்து தொடங்குவது

எம்.ஆர்.ஐ. ஓமோனை அளக்காது. இலங்கையின் 2016 ஆம் ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுதும் சுமார் 17 சதவீதம், தோட்டங்களில் சுமார் 32. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, வளர்ச்சி ஓமோனைச் சுரக்கும் கபச்சுரப்பியில் (மூளையின் அடியில் இருப்பது) கோளாறு கிடையாது. அதற்காக, “தோட்டத்துப் பிள்ளைதானே, கட்டையாத்தான் இருக்கும்” என்று விட்டுவிடவும் கூடாது. ஆறு மாதம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். நாலு வயதுக்கு மேல், பருவமடையும் முன், ஆண்டுக்கு 4 செ.மீ. கூட வளராத பிள்ளைக்கு இடது மணிக்கட்டு எக்ஸ்-றே (எலும்பின் வயதைப் பார்க்க), தைரொயிட், ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஓமோனின் வேலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), தூண்டல் பரிசோதனை (மருந்தால் ஓமோனைத் தூண்டி அளப்பது), பிறகுதான் ஸ்கேன். தலைவலி, வாந்தி, பார்வைக் குறைவு இருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

எழுந்தமானமாக ஒரு தடவை இரத்தத்தில் ஓமோன் பார்ப்பது

பயனில்லை. அது விட்டுவிட்டுச் சுரப்பது.

ஸ்கேன் கேட்கும் துண்டில் ‘பிரெயின்’ என்று மட்டும் எழுதுவது

பொறுக்க முடியாத பிழை இதுதான். பள்ளி வயதுப் பிள்ளையின் கபச்சுரப்பி ஏறக்குறைய 4 முதல் 6 மி.மீ. உயரம், அதன் தண்டு 3 மி.மீ.க்கும் மெல்லியது. வழக்கமான மூளை ஸ்கேனின் வெட்டுகளோ 5 மி.மீ. தடிப்பு, நடுவில் இடைவெளி வேறு. பெரிய கண் சல்லடையில் தேயிலை டஸ்ட் தூள் நிற்குமா?

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்துத் தாயை எண்ணிப் பாருங்கள். ‘மூளை நார்மல்’ என்ற ரிப்போர்ட்டைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பார். அதைப் பார்க்கும் ஒவ்வொருவரும் “ஒண்டும் இல்லை” என்று அனுப்பிவிடுவார்கள். எலும்பு முதிர்ந்துகொண்டே போகும். மறு ஸ்கேன் என்றால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி அப்பாவும் அம்மாவும் இழக்கும் நாள் சம்பளம்.

துண்டில் எழுத வேண்டியது: கபச்சுரப்பி, ஹைப்போதலமஸ் (சுரப்பிக்கு மேலே அதை இயக்கும் மூளைப் பகுதி), சஜிட்டல், கொரோனல் (பக்கவாட்டு, முன்பக்க வெட்டுகள்) டி1 (எம்.ஆர்.ஐ. பட வகை), வெட்டு 3 மி.மீ.க்கு மேற்படாமல், முதலில் கொன்ட்ராஸ்ட் (ஊசியில் ஏற்றும் ஒளிர்வு மருந்து) இல்லாமல். கூடவே உயரம், ஆண்டு வளர்ச்சி, தூண்டல் பரிசோதனையின் உச்ச அளவு, பிறந்தபோது இரத்தத்தில் சீனி குறைந்ததா, நீண்ட மஞ்சள்காமாலை இருந்ததா என்பதும்.

ரிப்போர்ட்டில் மூன்று விடைகள் வேண்டும்: சுரப்பியின் முன்மடல் எவ்வளவு உயரம், தண்டு முழுதாகத் தெரிகிறதா, பின்மடலின் வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கிறது. அந்தப் புள்ளி டி1-இல் தானாகவே ஒளிரும். கொன்ட்ராஸ்ட் ஏறியபின் சுரப்பி முழுதும் ஒளிர்வதால் பிரித்தறிய முடியாது. புள்ளி கீழே இல்லாமல் மேலே ஹைப்போதலமஸின் அடியில் நின்று, தண்டு அறுந்தோ நூலாகவோ தெரிந்து, முன்மடலும் சிறுத்திருந்தால், குறைபாடு பெரும்பாலும் நிரந்தரம். தைரொயிட், கோர்ட்டிசோல் (உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஓமோன்) பிறகு குறையலாம் என்பதால் அவற்றையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பக்கத்து எலும்பு மச்சையின் கொழுப்பும் வெள்ளையாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் கொழுப்பை அடக்கிய படம் கேளுங்கள்.

தைரொயிட் பார்க்காமல் ‘கட்டி’ என்பது

தைரொயிட் கடுமையாகக் குறைந்தால் கபச்சுரப்பி வீங்கும். தைரொக்சின் கொடுத்தால் சுருங்கும். கத்தி வேண்டாம்.

பட்டினியோடு பஸ் ஏற்றுவது

விடியற்காலை மூன்று மணிக்குத் தோட்டத்திலிருந்து புறப்பட்டு பேராதனை ஆஸ்பத்திரிக்கு வந்து, பதினொரு மணிக்கு மயக்க மருந்து எடுக்கும் பிள்ளை இரவுச் சோற்றுக்குப் பின் ஒன்றும் சாப்பிட்டிருக்காது. இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சீனி சட்டென்று இறங்கும். அன்றைய ஸ்கேன் பட்டியலில் முதல் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும். தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் முன்வரை கொடுக்கலாம். வந்தவுடன் விரலில் குத்திச் சீனி பாருங்கள். கோர்ட்டிசோல் குறைவு என்றால் மயக்கத்துக்கு முன் அதை ஈடுசெய்யும் ஹைட்ரோகோர்ட்டிசோன். அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போகும் பிள்ளைக்கு நீரை நிறுத்துவதே ஆபத்து.

தாயத்து, வெள்ளி அரைஞாண்

வீட்டிலேயே கழற்றச் சொல்லுங்கள்.

நார்மல் என்றதும் கோப்பை மூடுவது

குறைபாடு உறுதியான பல பிள்ளைகளின் படம் நார்மலாகவே இருக்கும். வளர்ச்சியும் இரத்தமும் குறைபாடு என்று சொன்னால், படத்தைக் காட்டி வளர்ச்சி ஓமோன் ஊசியை மறுக்காதீர்கள்.