மேளத்துக்கு மிரளும் குதிரையைப் பழக்குவது எப்படி

ஊர்வலக் குதிரை மேளச் சத்தம் கேட்டுப் பின்வாங்கினால், "திமிர் பிடிச்சது" என்று சவுக்கை எடுப்பவர்கள் வேலூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது பயம். சில நேரம் வலி. அடித்தால் மேளம் என்றாலே அடி என்று அதன் மனதில் பதியும். அடுத்த முறை இன்னும் தூரத்திலேயே மிரளும்.

அதனால் முதலில் வலியைத் தேடுங்கள். மூக்குவாருக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். சேணம் உட்காரும் இடத்தை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். வலிக்கிற இடத்தில் முதுகை இறக்கும், காதைப் பின்னால் மடக்கும். வயிற்றையும் மறக்கக் கூடாது. குதிரைக்கு இரைப்பை அமிலம் நாள் முழுக்கச் சுரக்கிறது. ஐந்தாறு மணி நேரம் வெறும் வயிற்றோடு நின்றால் புண் வரலாம். கிளம்பும் முன் கொள்ளுத் தீனியை விடப் புல்தான் நல்லது.

பிறகு முகம். பயந்த குதிரைக்குக் கண்ணுக்கு மேல் முக்கோணமாகச் சுருக்கம் விழும், நாசி விறைக்கும், முகவாய் இறுகும். காது ரெண்டும் அசையாமல், கண் மங்கி, கூப்பிட்டாலும் திரும்பாமல் நிற்பதைச் 'சாது' என்று நம்பிவிடாதீர்கள். அது பல நேரம் நொந்துபோன குதிரை. திடீரென்று வெடிப்பதும் அதுதான்.

சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். காலை ஏழு மணிக்குள் பழக்குங்கள். கட்டிப்போட வேண்டாம், ஓட வழியில்லை என்று தெரிந்தால் பயம் இரட்டிப்பாகும். நெற்றிக்கு நேர் எதிரேயும் மூக்குக்குக் கீழேயும் அதற்குக் கண் தெரியாது. இடது தோள் பக்கம் நில்லுங்கள். மேளக்காரரை, குதிரை காதைத் திருப்பிக் கவனிக்கும் ஆனால் கால் மாற்றாத தூரத்தில் நிறுத்தி, மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். பிறகு அவர் விலகி நடக்கட்டும், குதிரை பின்னால் போகட்டும். தன்னை நோக்கி வருவதை விட, விலகிப் போகிற சத்தத்தைக் குதிரை சீக்கிரம் ஏற்கும். ஓரடி முன்வைத்த அந்த நொடியே லகானைத் தளர்த்துங்கள். தாமதித்தால் எதற்குத் தளர்த்தினீர்கள் என்று அதற்குப் புரியாது. கழுத்து முதுகோடு சேரும் இடத்தைச் சொறிந்துவிட்டால் இதயத் துடிப்பு குறையும். ஓய்வில் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44; தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து எண்ணலாம். அதற்கு அருகில் வந்ததும் அன்றைய பாடத்தை நிறுத்துங்கள்.

மேளத்துக்குப் பழகிய குதிரை பட்டாசுக்கும் பழகிவிட்டதாக எண்ண வேண்டாம். குடியாத்தம் கெங்கையம்மன் கோயில் சிரசுத் திருவிழா மாதிரிக் கூட்டத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால், குதிரையின் காதில் பஞ்சு வைப்பதற்கும் அதை முன்கூட்டியே பழக்க வேண்டும்.