சொதிக் கறையும் வெள்ளை வேட்டியும்

கோணேசர் கோயிலுக்குப் போய் வந்த கையோடு சாப்பிட உட்கார்ந்ததுதான் பிழை. இடியப்பத்துக்கு விட்ட, மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சொதி, புது வெள்ளை வேட்டியில் ஒரு கை அகலத்துக்குக் கொட்டிவிட்டது.

உடனே சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை, இரத்தக் கறை போலச் சிவந்துவிட்டது! பயந்துபோய் தேசிக்காய் பிழிந்தேன், திரும்பவும் மஞ்சள். பெரியம்மா சிரித்தார்: "ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கிறதை நீ காணேல்லையோ?"

அதேதான். மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருகிறது. 1815இலேயே பிரித்தெடுத்திருக்கிறார்கள். சவர்க்காரம், சுண்ணாம்பு மாதிரிக் காரப் பொருள் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மஞ்சளாகும். நிறம் மாறுகிறதே தவிர, கறை அங்கேயேதான் இருக்கும். அது தண்ணீரில் கரையவும் மாட்டாது. எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். சொதியில் தேங்காய்ப்பால் கொழுப்பு வேறு, துணிக்குள் நன்றாக இறங்கிவிட்டது.

அப்புறம் செய்தது இதுதான். பாத்திரம் கழுவும் திரவத்தால் கொழுப்பை எடுத்தேன். காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றினேன். பஞ்சு மஞ்சளாகிக்கொண்டே வந்தது. அரைவாசி போனது. மிச்சத்தை வெயிலிடம் விட்டேன். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது, சிதைந்துவிடும். ஈரத்தோடு கறைப் பக்கம் மேலே தெரியக் கொடியில் போட்டேன். திருகோணமலை உப்புவெளி வெயிலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? முதல் நாள் பின்னேரமே மங்கல், இரண்டாம் நாள் தேடினாலும் இல்லை.

சாயத் துணியென்றால் இந்த வெயில் வைத்தியம் வேண்டாம், துணியின் நிறமும் சேர்ந்து போகும்.