கூட்டுத்தொடர், பெருக்குத்தொடர் கணக்குகள்: முதலில் இடைவெளியை எண்ணுங்கள்

மார்கழிக் கோலங்களுக்குக் குறிப்பு எழுதுவோர் "ஊடுபுள்ளி, 15 புள்ளி, 8 வரை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, அதற்கு மேலும் கீழும் முந்தைய வரிசையின் சந்துகளில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் 14, 13, 12 என்று ஒவ்வொன்றாகக் குறையும். 8 புள்ளி வந்ததும் நிறுத்த வேண்டும் என்பது அதன் பொருள். இந்தக் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளிகள் என்ற கேள்வியை, ஒரே அளவாக ஏறும் அல்லது இறங்கும் எண்களான கூட்டுத்தொடர்வரிசைப் பாடத்தை முடித்துவிட்ட மாணவர்களிடம் நான் பலமுறை கொடுத்திருக்கிறேன். சூத்திரத்தைப் பிழையின்றி எழுதிவிட்டு விடையில் சறுக்குகிறவர்களே அதிகம். அவர்கள் சறுக்குகிற இடங்கள் இரண்டு. அந்த இரண்டையும் இங்கேயே பார்த்துவிட்டால் மீதிப் பாடம் எளிதாகிவிடும்.

முதல் சறுக்கல் எண்ணிக்கையில் வருகிறது. 14 முதல் 8 வரை எத்தனை வரிசைகள் என்று கேட்டால், 14-இலிருந்து 8-ஐக் கழித்து 6 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 14, 13, 12, 11, 10, 9, 8 என்று விரல்விட்டு எண்ணினால் 7 வருகிறது. கழித்தபோது கிடைத்த 6 என்பது வரிசைகளின் எண்ணிக்கை அன்று, வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளின் எண்ணிக்கை. வேலிக்கு நட்ட கம்பங்களைவிடக் கம்பங்களுக்கு இடைப்பட்ட வெளிகள் ஒன்று குறைவாக இருப்பதைப் போலத்தான் இதுவும். வரிசையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஓர் உறுப்பு; ஓர் உறுப்பிலிருந்து அதற்கு முந்தையதைக் கழித்தால் வருவது பொது வித்தியாசம், இங்கே −1. ஆகவே,

உறுப்புகளின் எண்ணிக்கை = (கடைசி உறுப்பு − முதல் உறுப்பு) ÷ பொது வித்தியாசம் + 1

கடைசி உறுப்பைக் கேட்டால் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்:

கடைசி உறுப்பு = முதல் உறுப்பு + (எண்ணிக்கை − 1) × பொது வித்தியாசம்

வகுப்பில் "ஏ ப்ளஸ் என் மைனஸ் ஒன் இன்ட்டு டி" என்று பாட்டுப்போல் ஒப்பிக்கிற வாய்பாட்டில் அந்த "மைனஸ் ஒன்" எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. அது இடைவெளிகளின் எண்ணிக்கை. முதல் உறுப்பிலிருந்து ஏழாவது உறுப்புக்குப் போக ஆறு அடிதான் வைக்க வேண்டும்.

இப்போது கூடுதல். 14-உடன் 8, 13-உடன் 9, 12-உடன் 10 என்று இரு முனைகளிலிருந்தும் சேர்த்துக்கொண்டே வந்தால் ஒவ்வொரு இணையும் 22 ஆகிறது. நடுவில் 11 தனியாக நிற்கிறது, அது 22-இல் பாதி. அதாவது ஒரு வரிசைக்குச் சராசரியாக 11 புள்ளி, ஏழு வரிசைக்கு 77. எந்தக் கூட்டுத்தொடரின் கூடுதலும் இவ்வளவுதான்: முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி, இரண்டால் வகுத்து, எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். மேலே 77, கீழே 77, நடுவில் 15. மொத்தம் 169 புள்ளிகள்.

இரண்டாவது சறுக்கல் அந்த நடுவரிசை. 15 முதல் 8 வரை எட்டு வரிசைகளைக் கூட்டினால் 92 வரும். அதை அப்படியே இரட்டித்து 184 என்று எழுதுவோர் நடுவரிசையை இருமுறை எண்ணிவிடுகிறார்கள். 184-இலிருந்து 15-ஐக் கழித்தால் சரியான விடை வந்துவிடும். நேர்ப்புள்ளியில், அதாவது சந்துகளில் வைக்காமல் புள்ளிக்கு நேராகவே புள்ளி வைக்கும் கோலத்தில், 15 முதல் 1 வரை என்றால் வரிசைக்கு இரண்டு குறையும்; பொது வித்தியாசம் −2. அந்தக் கோலத்துக்கு 113 புள்ளிகள் வருகின்றனவா என்று நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

கணக்கைப் படித்ததும் கேட்டுக்கொள்ள வேண்டியவை

எந்த வாய்பாட்டையும் எழுதுவதற்கு முன்பு முதல் மூன்று உறுப்புகளையாவது கையால் எழுதிவிட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2, 4 என்ற இரண்டு எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்தது 6 என்றால் அது கூட்டுத்தொடர்வரிசை, 8 என்றால் பெருக்குத்தொடர்வரிசை. அடுத்தடுத்த உறுப்புகளைக் கழித்தால் ஒரே எண் வருகிறதா, வகுத்தால் ஒரே எண் வருகிறதா என்று குறைந்தது இரண்டு இடங்களில் சோதிக்க வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் இவற்றைக் கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி என்று அறிந்திருப்பார்கள், பெயர்தான் வேறு.

அடுத்து, கேட்பது ஓர் உறுப்பையா, மொத்தத்தையா என்று பார்க்க வேண்டும். "20-ஆவது மாதத்தில் எவ்வளவு செலுத்துவார்" என்பது உறுப்பு. "20 மாதங்களில் எவ்வளவு செலுத்தியிருப்பார்" என்பது கூடுதல். தொடர்வரிசை என்பது காற்புள்ளியால் பிரிந்து நிற்கும் எண்கள், தொடர் என்பது அவற்றுக்கு நடுவே கூட்டல் குறி போட்டது. தேர்வு அவசரத்தில் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டு, முழுக் கணக்கையும் சரியாகப் போட்டு, கேட்காத கேள்விக்கு விடை எழுதியவர்கள் உண்டு.

இரண்டு உறுப்புகளைக் கொடுத்து மற்றதைக் கேட்கும் கணக்குகளுக்கு ஒருங்கமை சமன்பாடுகள் தேவையே இல்லை. 7-ஆவது உறுப்பு 34, 15-ஆவது உறுப்பு 74 என்றால், 8 அடிகளில் 40 ஏறியிருக்கிறது. ஓர் அடிக்கு 5. ஏழாவதிலிருந்து முதலாவதுக்கு ஆறு அடி பின்னால் போக 30 குறையும், எனவே முதல் உறுப்பு 4. விடைத்தாளில் படிநிலைகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் சமன்பாடுகளை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், இந்த விடையை ஓரத்தில் போட்டு வைத்துக்கொண்டு சமன்பாட்டைத் தீர்த்துச் சரிபார்க்கலாம்.

மூன்றிலக்க எண்களில் 13-ஆல் வகுபடுபவற்றின் கூடுதலைக் கேட்கிற வகைக் கணக்கில் 100-ஐயும் 999-ஐயும் முனைகளாக வைத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. அவை இரண்டும் 13-ஆல் வகுபடுவதில்லை. உண்மையான முனைகள் 104, 988. வித்தியாசம் 884, அதை 13-ஆல் வகுத்தால் 68 இடைவெளிகள், எனவே 69 உறுப்புகள். முனைகளின் சராசரி 546; 69 × 546 = 37,674. உறுப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை ஆகையால் இந்த 546 தொடரின் நடு உறுப்பாகவே இருக்க வேண்டும்; 13 × 42 = 546 என்பதால் அது தொடரில் இருக்கிறது. இந்தச் சிறிய சோதனைக்குப் பத்து நொடிகூட ஆகாது.

இரண்டு விடை வந்தால் ஒன்றை அடித்துவிடலாமா?

கூடுதலைக் கொடுத்து எண்ணிக்கையைக் கேட்டால் இருபடிச் சமன்பாடு வரும். கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியிலேயே, கூட்டுத்தொடரின் கூடுதலிலிருந்து உறுப்புகளின் எண்ணிக்கையைக் காண்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அவ்வளவு பழைய கணக்கில் இன்னும் ஏமாறுகிறோம். 27 + 24 + 21 + … என்ற தொடரில் எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் 126 வரும்? முறைப்படி போட்டால்,

எண்ணிக்கை² − 19 × எண்ணிக்கை + 84 = 0

என்று சுருங்கி, எண்ணிக்கை 7 அல்லது 12 என்று வரும். இரண்டாவது விடையைக் கண்டதும் "பொருந்தாது" என்று எழுதி அடித்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குறை எண்ணோ பின்னமோ வந்தால் அப்படி அடிப்பது சரி. இங்கே உறுப்புகளை எழுதிப் பாருங்கள்: ஏழாவது உறுப்பு 9, அதற்குப் பின் 6, 3, 0, −3, −6. இந்த ஐந்தின் கூடுதல் பூச்சியம். ஆகவே ஏழோடு நிறுத்தினாலும் பன்னிரண்டு வரை போனாலும் கூடுதல் 126 தான். இரண்டு விடைகளும் சரி. இறங்குகிற தொடர் என்றால் அது பூச்சியத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்காமல் எதையும் அடிக்காதீர்கள்.

பெருக்குத்தொடர்

இங்கேயும் அடிகள்தாம், ஒவ்வோர் அடியிலும் கூட்டுவதற்குப் பதில் பெருக்குகிறோம். 3-ஆவது உறுப்பு 12, 6-ஆவது உறுப்பு 96 என்றால் மூன்று அடிகளில் 8 மடங்கு ஆகியிருக்கிறது. ஓர் அடிக்கு 2 மடங்கு. 3-ஆவது உறுப்பு 12, 5-ஆவது உறுப்பு 48 என்று கொடுத்திருந்தாலோ இரண்டு அடிகளில் 4 மடங்கு. பொது விகிதம் 2 ஆகவும் இருக்கலாம், −2 ஆகவும் இருக்கலாம். 3, 6, 12, 24, 48 என்பதும் 3, −6, 12, −24, 48 என்பதும் கொடுத்த விவரத்துக்குப் பொருந்துகின்றன. அடிகள் இரட்டைப்படையாக இருந்தால் குறை விகிதத்தையும் எழுத வேண்டும். "மிகை எண்கள்" என்று வினாவில் சொல்லியிருந்தால் மட்டுமே விட்டுவிடலாம்.

கூடுதலுக்கு அடுக்குகள் நிறைந்த வாய்பாட்டை மனப்பாடம் செய்வதைவிட, அது பிறந்த விதத்தை ஒருமுறை கையால் செய்து பார்ப்பது நல்லது. 3 + 6 + 12 + … + 1536 என்ற தொடரை 2-ஆல் பெருக்கினால் 6 + 12 + … + 1536 + 3072 வருகிறது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தால் நடுவில் இருப்பதெல்லாம் அடிபட்டுப்போய் 3072-உம் 3-உம் மட்டும் மிஞ்சும், கூடுதல் 3069. உறுப்புகள் எத்தனை என்று எண்ணக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி உறுப்பு தெரிந்திருந்தால்,

கூடுதல் = (கடைசி உறுப்பு × பொது விகிதம் − முதல் உறுப்பு) ÷ (பொது விகிதம் − 1)

என்பதே போதும். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் 1, 2, 4 என்று இரட்டித்துத் தானியம் வைக்கும் கதைக்கும் இதே வழிதான்: கடைசிக் கட்டத்தை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் 1,84,46,74,40,73,70,95,51,615 தானியங்கள்.

வட்டிக் கணக்கில் மீண்டும் இடைவெளி குறுக்கிடும். 10,000 ரூபாயை ஆண்டுக்கு 8 சதவீதத்தில் போட்டால் தனிவட்டியில் 10,000, 10,800, 11,600, 12,400 என்று கூட்டுத்தொடர்வரிசையாகவும், கூட்டுவட்டியில் 10,000, 10,800, 11,664, 12,597.12 என்று பெருக்குத்தொடர்வரிசையாகவும் வளரும். கூட்டுவட்டி என்ற பெயரில் "கூட்டு" இருந்தாலும் அது பெருக்குத்தொடர்வரிசை என்பது தமிழில் படிப்பவர்களுக்கென்றே அமைந்த ஒரு குழப்பம். மூன்றாம் ஆண்டு முடிவில் உள்ள தொகை இந்த வரிசையின் நான்காவது உறுப்பு. மூன்றாவது உறுப்பை எழுதினால் ஓராண்டு வட்டி காணாமற்போகும். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 10,000 வீதம் மூன்று முறை செலுத்தினால், முதல் தவணை மூன்று ஆண்டும், இரண்டாவது இரண்டு ஆண்டும், கடைசித் தவணை ஓராண்டும் வளர்கின்றன. எனவே 10,800 + 11,664 + 12,597.12 = 35,061.12 ரூபாய் என்பது முதல் உறுப்பு 10,800, விகிதம் 1.08 கொண்ட பெருக்குத்தொடர். முதல் உறுப்பை 10,000 என்று வைத்தால் கணக்கு கெட்டுவிடும், ஏனெனில் கடைசித் தவணைக்கும் ஓராண்டு வட்டி உண்டு.

முடிவே இல்லாத தொடர்

அரை, கால், அரைக்கால், வீசம் என்ற நம் பழைய பின்னங்கள் விகிதம் ½ உள்ள பெருக்குத்தொடர்வரிசை. வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர்; இருபதில் ஒன்றான மாவும் எண்பதில் ஒன்றான காணியும் சேர்ந்து பதினாறில் ஒன்றாவதால் வந்த பெயர். அரையும் காலும் சேர்ந்தால் ஒன்றுக்குக் கால் குறைகிறது. அரைக்காலைச் சேர்த்தால் அரைக்கால் குறைகிறது. வீசத்தையும் சேர்த்தால் வீசம் குறைகிறது. கடைசியாகச் சேர்த்தது எவ்வளவோ அவ்வளவே எப்போதும் குறைகிறது. அந்தக் குறை பூச்சியத்தை நோக்கிச் சுருங்குவதால் முடிவுறாத் தொடரின் கூடுதல் 1 என்கிறோம்.

முடிவுறாத் தொடரின் கூடுதல் = முதல் உறுப்பு ÷ (1 − பொது விகிதம்)

விகிதம் −1-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் மட்டுமே இது செல்லும். 3 + 6 + 12 + … என்பதற்கு இதைப் போட்டால் −3 என்று வரும். மிகை எண்களைக் கூட்டிக் குறை எண் வருவதைக் கண்டும் திடுக்கிடாமல் கோடு போட்டு விடையைக் கட்டம் கட்டுவோரைப் பார்த்திருக்கிறேன். மீளும் தசமங்களும் இதில் அடங்கும்: 0.272727… என்பதில் முதல் உறுப்பு 0.27, விகிதம் 0.01, எனவே 0.27 ÷ 0.99 = 3/11.

இந்த வகையில் அடிக்கடி வருவது பந்துக் கணக்கு. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து ஒவ்வொரு முறையும் விழுந்த உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு எழும்பினால், அது ஓயும்வரை கடக்கும் மொத்தத் தொலைவு என்ன? 10, 6, 3.6, … என்ற உயரங்களின் கூடுதல் 10 ÷ 0.4 = 25. எழும்பிய உயரம் ஒவ்வொன்றையும் பந்து மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என இருமுறை கடக்கிறது என்பதால் 50 என்று எழுதத் தோன்றும். ஆனால் முதல் 10 மீட்டரை அது விழ மட்டுமே செய்தது, ஏறவில்லை. கோலத்தின் நடுவரிசையைப் போலவே அந்தப் பத்தை ஒருமுறைதான் எண்ண வேண்டும்: 50 − 10 = 40 மீட்டர்.