புகையைப் பார்த்து ஆயிலைக் குறைக்காதீர்கள்: பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கரையில் பையன்கள் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் மோட்டார், ரிப்பேர் செய்யும் தொழிலைப் பழகுவது பெரும்பாலும் மண்ணெண்ணெய் மோட்டாரில். ஆயிலை டேங்கிலேயே கலந்து ஊற்றிப் பழகிய கை அது. தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாக ஆயில் போகும் பழைய இறக்குமதி மோட்டார் ஒன்று வந்துவிட்டால், எங்கள் தலைமுறை தடுமாறிய அதே இடங்களில் இவர்களும் தடுமாறுகிறார்கள். சோக் மூடியிருக்கிறதா, பெட்ரோல் குழாய் மாட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் கவரைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

புகை வருகிறது என்று பம்ப் லிங்க்கைத் திருகுவது

இதற்குத்தான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆயில் பம்புக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி இருக்கும், அதுதான் லிங்க். ஒரு முனையைக் கழற்றி இரண்டு சுற்றுத் திருகினால் பம்ப் லீவர் பின்தங்கும், ஆயில் குறையும், புகையும் குறையும். பையனுக்கும் சந்தோஷம், படகுக்காரருக்கும் சந்தோஷம்.

மாடலுக்கு மாடல் மாறினாலும், இவ்வகை மோட்டார்கள் ஐடிலில் (சும்மா நின்று ஓடும்போது) ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 10 மில்லி, முழு வேகத்தில் சுமார் 20 மில்லி ஆயில் எடுக்கும்படி அமைந்தவை. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் சம்ப், அதாவது அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி, கிடையாது. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாம் பெட்ரோலோடு வரும் அந்தச் சொட்டை நம்பித்தான் ஓடுகின்றன. ஐடில் புகைக்காக லிங்க்கைக் குறைத்தால், முழு வேகத்தில் கிடைக்க வேண்டியதும் சேர்ந்தே குறைகிறது.

மூன்று சிலிண்டர் 40 ஹெச்பி ஒன்று. பக்கத்துக் கரையில் யாரோ லிங்க்கைக் குறைத்து அனுப்பியிருந்தார்கள். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒரு நாள் சுமையோடு, எதிர்காற்றில், முழு திராட்டிலில் திரும்பும்போது கீச்சென்று ஒரு சத்தம். அதோடு சரி, ஸ்டார்ட் கயிறு அசையவில்லை. வேறொரு வள்ளம் கட்டி இழுத்து வந்தது.

“அண்ணே, புகையே இல்லாம நல்லாத்தான ஓடிச்சு?” என்றார் படகுக்காரர்.

ஹெட்டைக் கழற்றினால் மேல் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் பக்கம் நகத்தால் கீறியதுபோல் நெட்டுக்குக் கோடுகள். பிஸ்டன் அலுமினியம் சிலிண்டரின் உள்சுவரில் அப்பிக் கிடந்தது. பிளக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மேல் பிளக்கில் அலுமினியத் துணுக்குகள், நடு பிளக் நல்ல பழுப்பு, கீழ் பிளக் கறுத்து ஆயிலில் ஊறியிருந்தது. முதலில் புகை வந்ததற்கான காரணம் அந்தக் கீழ் பிளக்கில் இருந்தது. காயிலிலிருந்து வரும் வயர் கிளாம்புக்கு அடியில் உப்பரித்துப் போயிருக்க, அந்தச் சிலிண்டரில் ஸ்பார்க்கே இல்லை. பெட்ரோலும் ஆயிலும் மட்டும் ஒழுங்காகப் போய், எரியாமல் எக்ஸாஸ்ட் வழியாகப் புகைந்துகொண்டிருந்தன. வேகம் குறைந்ததைச் சுமை என்று நினைத்துக்கொண்டார்கள். பிளக்கை ஒரு முறை கழற்றிப் பார்த்திருந்தால் ஒரு வயரோடு போயிருக்கும். இப்போது போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங் என்று போனது.

ஆகவே புகை என்றால் முதலில் பிளக். அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் அழுத்தம். அதற்கடுத்து என்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட், அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் என்ஜின் சூடேறாது, ஆயிலும் சரியாக எரியாது. நீலம் கலந்த சாம்பல் நிறம் ஆயில் புகை. சூடேறிய பிறகும் வெள்ளையாகவே வந்து, ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். லிங்க்கைத் தொடுவது கடைசி. அதுவும் பம்பில் உள்ள குறிகள் சேரும்படி வைக்கத்தான்.

ரொம்ப நாள் கிடந்த மோட்டாரின் புகைக்குப் பயப்படுவது

மேலே இருக்கும் ஆயில் டேங்கிலிருந்து, ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய செக் வால்வு வழியே ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் கேஸில் தேங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் கரையே மறையும். கொஞ்ச நேரம் லோடில் ஓடட்டும். ஒவ்வொரு முறையும் அப்படியே வந்தால் செக் வால்வைப் பாருங்கள்.

டேங்கிலும் கலப்பது, பம்பிலும் விடுவது

மண்ணெண்ணெய் மோட்டார்ப் பழக்கம். இரண்டு மடங்கு ஆயில், பிளக் நனையும், புகை வரும்.

பம்பைப் பிரித்து மாட்டிய பிறகு மட்டும் இது வேண்டும். 20 லிட்டர் பெட்ரோலில் 400 மில்லி கலந்து ஓட்டுங்கள், ஆயில் டேங்கில் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டுங்கள். மட்டம் ஒழுங்காக இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெறும் பெட்ரோல். அதுவரை புகையைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காற்றை எடுக்காமல் ஓட்டுவது

ஆயில் டேங்கைக் கழற்றினாலோ, டேங்க் ஒரு முறை காலியானாலோ குழாயில் காற்று ஏறிவிடும். பம்பில் உள்ள பிளீடு ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விடுங்கள். டேங்க் அடியில் வெண்ணெய் மாதிரி வெளுத்துத் திரண்டிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். டேங்க், ஃபில்டர், குழாய் மூன்றையும் கழுவ வேண்டும்.

பைக் 2டி ஆயில்

வேண்டாம். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று இருக்க வேண்டும். தண்ணீரில் குளிரும் என்ஜினுக்குச் சாம்பல் படியாத ஆயில் அது. காற்றில் குளிரும் பைக் ஆயில் ரிங்கிலும் பிளக்கிலும் படிவு கட்டும்.

பஸ்ஸர் வயரை வெட்டுவது

ஆயில் குறைந்தால் கத்தி எச்சரிக்கும் பஸ்ஸர் அது. வெட்டாதீர்கள்.

பம்பை நம்பாமல் கழற்றி மூடுவது

இதைத் தவறென்று சொல்ல மாட்டேன், அரைகுறையாகச் செய்வதுதான் தவறு. 1984-இல் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் வந்த விஆர்ஓ என்ற ஆயில் கலக்கும் பம்ப் போன்றவற்றில் பெட்ரோலையும் ஆயிலையும் ஒரே பம்ப்தான் இழுக்கிறது. அதை அப்படியே கழற்றிப் போட்டால் பெட்ரோலும் வராது. கிராங்க்கில் கியர் வைத்து ஓட்டும் பம்ப் என்றால் அந்தத் துளையைச் சரியான பிளேட் போட்டு அடைக்க வேண்டும். முடித்த கையோடு பெட்ரோல் டேங்கின் மேல் பெயிண்டில் ‘லிட்டருக்கு 20 மில்லி’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள். அடுத்த முறை டேங்க் நிரப்புவது படகுக்காரரின் மச்சானாக இருக்கும், அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.