பாயின்ட் வைத்த காருக்குப் பழைய டியூன்-அப் மீட்டர்

அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பிரீமியர் பத்மினி போன்ற கார்களுக்கு ஃபீலர் கேஜைக் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) கொண்டு பாயின்ட் வைப்பதே, அதாவது பிளக்கில் பொறி வரத் திறந்து மூடும் இரு தொடுமுனைகளின் இடைவெளியைச் சரிசெய்வதே, நம் ஊர் வழக்கம். புதிய பாயின்டுக்கு அது போதும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பாயின்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முகத்தில் கடுகளவு மேடும், எதிர்முகத்தில் அதற்கேற்ற குழியும் விழுந்திருக்கும். கேஜின் தகடு மேட்டின் உச்சியில் உரசிக்கொண்டு நின்றுவிடுவதால், உண்மையான இடைவெளி கேஜ் சொல்வதைவிட அதிகமாகவே இருக்கும். பாயின்ட் எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதை நேரடியாக அளக்கும் பழைய முள் மீட்டருக்கு (டியூன்-அப் மீட்டர்) இந்த மேடும் குழியும் ஒரு பொருட்டல்ல.

அந்த அளவுக்குப் பெயர் ட்வெல். நான்கு சிலிண்டர் காரில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேம் (பாயின்டைத் தள்ளும் மேடுகள் கொண்ட சுழல் பகுதி) ஒரு சுற்றுக்கு நான்கு முறை பாயின்டைத் திறக்கிறது. எனவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் 90 டிகிரி கிடைக்கிறது, அதில் பாயின்ட் மூடியிருக்கும் பகுதியே ட்வெல். லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு இது 60 டிகிரி, மூன்று டிகிரி கூடலாம் அல்லது குறையலாம். இடைவெளிக் கணக்கில் 0.014 முதல் 0.016 அங்குலம். இடைவெளி கூடினால் ட்வெல் குறையும், இடைவெளி குறைந்தால் ட்வெல் கூடும். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் வேறு வகையானால் அதற்குரிய கையேட்டு அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காரைச் சந்தேகிக்கும் முன் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். எனது மீட்டர் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்களுக்கிடையே கிடைத்தது. பின்மூடியைத் திறந்தபோது உள்ளிருந்த பேட்டரி கசிந்து, பித்தளைப் பட்டை பச்சை பூத்திருந்தது. கடற்காற்று வீசும் ஊரில் இது வியப்பல்ல. பட்டையை உப்புத்தாளால் தேய்த்து, கிளிப்புகளையும் வயர்களையும் ரிச்சி தெருவில் வாங்கி மாற்றினேன். பிறகு, எதிலும் இணைக்காத நிலையில் முகப்பிலுள்ள சிறு திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். 'செட்' நிலை இருந்தால், அதற்குரிய குமிழைத் திருகி முள்ளைக் குறித்த கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். முள் கோட்டை எட்டாவிட்டால் பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள்.

காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். நெகட்டிவ் எர்த் காரில் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது) சிவப்பு கிளிப்பைக் காயிலிலிருந்து (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய வயரின் முனையிலும், கறுப்பு கிளிப்பைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பிலும் மாட்ட வேண்டும். பழைய பாசிட்டிவ் எர்த் காரென்றால் இரண்டையும் மாற்றி மாட்டுங்கள். காயிலின் நடுவிலிருந்து வரும் தடித்த வயரை மீட்டர் கிளிப் தொடவே கூடாது. இந்தக் கார்களில் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்தே சுழலும் என்பதால், வயர்களையும் வேட்டி முனையையும் அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்கேல், நான் ஏமாந்தது இங்கேதான். அமெரிக்க மீட்டர்கள் பலவற்றில் ஆறு, எட்டு சிலிண்டர்களுக்கு மட்டுமே கோடுகள் இருக்கும். எட்டு சிலிண்டர் ஸ்கேலில் முள் 30-ஐக் காட்டியதைப் பார்த்து, பாயின்ட் அகலமாக இருக்கிறதென்று நினைத்து நெருக்கிக்கொண்டே போனேன்; 60 வருமென்று காத்திருந்தபோது இன்ஜின் ஸ்டார்ட் ஆவதையே நிறுத்திவிட்டது. அந்த ஸ்கேலின் உச்சமே 45 டிகிரி, அதாவது பாயின்ட் திறக்கவே இல்லை என்ற நிலை. எட்டு சிலிண்டர் ஸ்கேலில் பார்ப்பதை இரண்டால் பெருக்கினால் நான்கு சிலிண்டர் அளவு கிடைக்கும்: 30 என்றால் 60 டிகிரி. ஆர்.பி.எம்.-முக்கும் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) இதே கணக்குதான். முள் 350-இல் நின்றால் இன்ஜின் 700-இல் ஓடுகிறது.

ட்வெல்லைத் திருத்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் அதனுள் சுழலும் ரோட்டாரையும் கழற்றுங்கள். காயிலின் தடித்த வயர் முனையை எர்த்தோடு இறுக்கமாகச் சேர்த்துவிட்டு, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுழற்றச் சொல்லி முள்ளைக் கவனியுங்கள். பாயின்ட் தகட்டின் பூட்டுத் திருகைச் சற்றே தளர்த்தி, தகட்டை மயிரிழை நகர்த்தி, மீண்டும் இறுக்கி மறுபடி பாருங்கள். இறுக்கும்போதே தகடு நகர்வதுண்டு என்பதால் இரண்டு மூன்று முறை செய்ய நேரிடும். இடையில் இக்னிஷனை ஆனில் விட்டுவிட்டால், பாயின்ட் மூடியிருக்கும் பட்சத்தில் காயில் சூடேறிக் கெட்டுப்போகும்.

எல்லாவற்றையும் பூட்டியபின் இன்ஜினை ஓட்டி, ஐட்லிங்கிலும் சுமார் 2000 ஆர்.பி.எம்.-மிலும் ட்வெல்லைப் பாருங்கள். மூன்று டிகிரிக்கு மேல் வேறுபட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டின் புஷ் தேய்ந்திருக்கலாம் அல்லது பாயின்ட் அமர்ந்திருக்கும் தட்டு ஆடலாம். புதிய பாயின்ட் வாங்குவது அதற்கு மருந்தல்ல. ட்வெல் ஒரு டிகிரி கூடினால் டைமிங் (பொறி விழும் நேரம்) கிராங்க் தண்டின் சுழற்சிக் கணக்கில் ஏறத்தாழ ஒரு டிகிரி பின்தங்கும். எனவே முதலில் ட்வெல், அடுத்து டைமிங், கடைசியில் கார்புரேட்டர் ஐட்லிங் திருகு. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

மீட்டரை டாக்கோமீட்டர் (ஆர்.பி.எம். காட்டும்) நிலையில் வைத்து இன்னொரு சோதனையும் செய்யலாம். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஒவ்வொரு பிளக்காக எர்த் செய்து முள் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு இன்சுலேட் செய்த கருவி கட்டாயம். மற்றவற்றைவிடக் குறைவாக இறங்கச் செய்யும் சிலிண்டரே சோம்பேறி. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருக்க, இந்தச் சரிவை முள்ளில் ஒரே பார்வையில் காணலாம் என்பதால்தான் பழைய மீட்டரை நான் விடவில்லை.

வேலை முடிந்ததும் உள்ளிருக்கும் பேட்டரியைக் கழற்றி, தனிப் பையில் போட்டு மீட்டரோடு வையுங்கள்.