பழைய கார் பிளக்: பேரைக் கடைசியில் பாருங்கள்

எஞ்சினில் பெட்ரோலைத் தீப்பொறியால் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக் பழசாக ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் கம்பிப் பிரஷை எடுத்துப் பீங்கானைத் தேய்த்துக் கம்பெனிப் பேரைத் தேடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பலவற்றில் பேர் மேலே அச்சடித்ததுதான், நாலு இழுப்பில் போய்விடும். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய இரும்புக் கடைகளில் இந்த பிளக்குகளைத் தேடிச் சேர்ப்பவன். நான் முதலில் பார்ப்பது மரை, அதாவது எஞ்சினுக்குள் திருகுகிற புரி, அப்புறம் பீங்கான், பேர் கடைசியில்தான்.

அதற்கும் முன்னால் உப்பை எடுக்க வேண்டும். எங்கள் கரையில் கிடைக்கும் இரும்பில் துருவுக்கு அடியில் உப்பு உட்கார்ந்திருக்கும். அதன் மேலேயே எண்ணெய் தடவினால் உள்ளே அரிப்பு நிற்காது. பின்னால் சொல்லப்போகும் மைக்கா பிளக்கைத் தவிர மற்றதை மழைத் தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு இரும்புப் பகுதிக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் போடுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அது ஆகாது. பீங்கானுக்கு ஈரத்துணி போதும்.

இனி மரை. விட்டத்தை நுட்பமாக அளக்கிற வெர்னியர் கருவி ஒன்று வேண்டும். வெளிவிட்டம் 14 மி.மீ. இருந்தால் அவசரப்பட வேண்டாம். அந்த அளவு கார்களில் பரவியது 1930களில், இன்றைக்கும் ஓடுகிறது. 18 மி.மீ. அதைவிட முந்தியது, ஐரோப்பிய வண்டிகளில் நிறைய. ஏறக்குறைய 21, 22 மி.மீ. வந்தால்தான் எனக்கு ஆவல் கூடும். அதில் இரண்டு வகை உண்டு, பலர் குழம்புவது இங்கேதான். ஒன்று அரை அங்குலக் குழாய் மரை. பெயர்தான் அரை அங்குலம், வெளியே அளந்தால் 21 மி.மீ. சொச்சம் வரும். நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும், அந்த ஒடுக்கமே இறுக்கிப் பிடிப்பதால் வாஷர் கிடையாது. அங்குலத்துக்கு 14 மரை. 1908 முதல் 1927 வரை வந்த போர்டு மாடல் டி காருக்கு இதுதான். அதற்குரிய பிளக் சாம்பியன் எக்ஸ். மற்றது முக்கால் அரைக்கால் அங்குலம், அதாவது 22.2 மி.மீ. மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், வாஷர் உட்கார மட்டமான தோள், அங்குலத்துக்கு 18 மரை. அடுத்து வந்த மாடல் ஏ இந்த வகை. பத்து மரையின் நீளத்தை அளந்து பாருங்கள்: குழாய் மரை 18 மி.மீ. வரும், மற்றது 14 மி.மீ. வரும். மரை துருவில் தேய்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு உதவும்.

அடுத்து உடம்பு. பீங்கானைத் தனியாக ஒரு நட்டு இறுக்கிப் பிடித்திருந்தால் அது கழற்றிச் சுத்தம் செய்கிற வகை. கழற்ற ஆசை வரும். உள்ளே இருக்கும் பழைய வாஷரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். பக்கத்தில் சின்னக் கிண்ணமும் திருகும் இருந்தால், எஞ்சின் சுலபமாகக் கிளம்ப அதில் பெட்ரோல் ஊற்றுவார்கள்.

வெள்ளைப் பீங்கானுக்குப் பதில் மங்கலான, அடுக்கடுக்கான தண்டு இருந்தால் அது மைக்கா, நாம் காக்காப்பொன் என்கிறோமே, அதுதான். இதை மட்டும் தண்ணீரில் போடவே கூடாது, அடுக்குக்குள் ஈரம் இறங்கிவிடும். பந்தயக் கார்களிலும் விமானங்களிலும் இதற்குத் தனி மதிப்பு இருந்தது. கே.எல்.ஜி. என்று கண்டால் பத்திரப்படுத்துங்கள். கெனெல்ம் லீ கின்னஸ் என்ற பந்தய ஓட்டுநர் தொடங்கிய கம்பெனி அது. அன்றைக்கு உலகத்துக்குப் போன மைக்காவில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. நெல்லூர்ப் பக்கமும் சுரங்கம் உண்டு. அதனால் மைக்கா பிளக்கைக் கையில் எடுத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இப்போது பேர். சாம்பியன் என்று இருந்தால் முழுப்பேரையும் படியுங்கள். ஆல்பர்ட் சாம்பியன் 1908இல் அமெரிக்காவின் பிளின்ட் நகரில் தொடங்கியது சாம்பியன் இக்னிஷன் கம்பெனி. 1922இல் அது ஏ.சி. ஸ்பார்க் பிளக் கம்பெனி ஆனது. டொலிடோ நகரத்து சாம்பியன் ஸ்பார்க் பிளக் கம்பெனி வேறு. ஆக, ஏ.சி. பிளக்கில் பழைய கம்பெனிப் பேர் இருந்தால் அது 1922க்கு முந்தைய தயாரிப்பு. லாட்ஜ் என்றால் இங்கிலாந்து, இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜின் மகன்கள் நடத்தியது. மைக்கோ என்றால் பெங்களூர், அந்தக் கம்பெனியே 1951இல்தான் வந்தது.

கிடைத்த இடத்தையும் எழுதி வையுங்கள். பாம்பன் சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தது. அதுவரை ராமேஸ்வரம் தீவுக்குக் காரை ரயிலில்தான் ஏற்றிப் போக வேண்டும். அதனால் தீவில் 18 மி.மீ. பிளக் கிடைத்தால் முதலில் பம்பு எஞ்சினைத்தான் நினைப்பேன். கீழக்கரை, ராமநாதபுரம் பக்கம் கிடைத்தால் காருக்கு வாய்ப்பு அதிகம். விட்டம், மரைக் கணக்கு, எழுத்து, ஊர் நான்கையும் ஒரு அட்டையில் எழுதி பிளக்கோடு நூலால் கட்டிவிடுங்கள்.