பிள்ளை சொன்னதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு ஓடாதீர்கள்

கம்பம் பக்கம் வளரிளம் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பதினோரு வருடம் ஓடிவிட்டது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பையன் மனம் விட்டுப் பேசியதை அவன் அப்பாவிடம் அப்படியே ஒப்பித்ததைப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன். திட்டக் கூடாது, ஒப்பிடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

நல்லது என்று நினைத்துப் போட்டு உடைப்பது

ஒன்பதாவது படித்த பெண். அப்பா, அம்மா இருவரும் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பமெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். சோறு வடிப்பதும் தம்பியைக் கிளப்புவதும் அவள்தான். "அவ இருக்கிறதாலதான் நிம்மதியா மலைக்குப் போறோம்" என்பார் அம்மா. அவளோ என்னிடம், "ராத்திரி ரெண்டு பேரும் சண்டை போடுறப்ப தம்பி காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருப்பேன் டீச்சர்" என்றாள்.

அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா அப்பாவிடம், அப்பா அத்தையிடம். ஞாயிற்றுக்கிழமை குடும்பமே உட்கார்ந்து, "வீட்டு விஷயத்தை வெளிய சொல்லுவியா?" என்று கேட்டிருக்கிறது. திங்கட்கிழமை என்னைப் பார்த்ததும் ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் நடந்தாள். நாளடைவில் தோழிகளிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். யாரை நம்பலாம் என்பதைப் பிள்ளைகள் முதலில் வீட்டில்தான் கற்கிறார்கள். வெளியே ஒருத்தியை நம்பிப் பார்த்தாள். அதையும் நான் கெடுத்தேன். இன்றைக்கும் என் மேல் எனக்கு எரிச்சல்தான்.

"அம்மாகிட்ட சொல்லலாமா? நீ சொல்றியா, நான் கூட இருக்கட்டுமா?" என்று கேட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் மறைக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. தற்கொலை எண்ணம் என்றாலும் ரகசியம் கிடையாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இந்த விதிவிலக்குகளைப் பேச்சைத் தொடங்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், பிறகு அல்ல.

தொந்தரவு தராத பிள்ளையை மறப்பது

சண்டைக்காரப் பையன்களே நம் நேரத்தைத் தின்றுவிடுவார்கள். வாயே திறக்காத "பொறுப்பான" மூத்த பெண்ணையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

"அப்பாகிட்டப் போய்ச் சொல்லு"

பெற்றோரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதற்குப் பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள்.

பெற்றோர் துருவினால்

புதியவர் இதைத்தான் கேட்டார்: "அப்பாவே நேரில் வந்து கேட்டால் என்ன செய்வது?" சரி, இப்படிச் சொல்லலாம்: "அண்ணே, அதை அவனே சொல்லட்டும். மலைக்குப் போகாத நாள்ல அவனைக் கூட்டிக்கிட்டு டீக்கடை வரைக்கும் நடங்க. நீங்க எதுவும் கேக்காதீங்க."